நினைவுக்குத் துணை நின்ற கருவிகள்: மூளைக்காயமுற்ற கல்லூரி மாணவர்களின் கதை

தலையில் பலத்த அடிபட்டு மூளை காயமுற்ற ஒருவர் மறுபடியும் கல்லூரி வகுப்பில் போய் உட்காருவது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை மிக அரிதாக இருந்தது. அப்படி அடிபட்டவர்களில் பலர் பிழைக்கவே இல்லை. பிழைத்தவருக்கு நடையும் பேச்சும் திரும்பினாலே போதும் என்று குடும்பம் ஆறுதல் கொண்டது. படிப்பைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை. இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் மூளைக்காயத்தோடு படிப்பவர்கள் ஒலிப்பதிவுப் பேனா, கைப்பேசி நினைவூட்டல், பாடத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஆகியவற்றின் துணையோடு பட்டம் வாங்குகிறார்கள். இந்த மாற்றத்துக்குக் கருவிகள் மட்டும் காரணமல்ல. போர்க்கால மருத்துவமனைகளும், உரிமை கேட்டுத் தெருவில் இறங்கியவர்களும், பிள்ளைகளுக்காக அலைந்த பெற்றோர்களும், ஒரு கருவியை எப்படிப் பழக்கமாக்குவது என்று பொறுமையாக ஆராய்ந்த உளவியலாளர்களும் இதில் பங்கு கொண்டவர்கள்.

மூளைக்காயம் படிப்பை எந்த இடத்தில் தாக்குகிறது என்பது தெரிந்தால்தான் கருவிகளின் வரலாறு விளங்கும். காயத்துக்கு முன்பு கற்றவை பெரும்பாலும் அழிவதில்லை. கணக்குப் போடத் தெரிந்தவர் கணக்கை மறப்பதில்லை. சொல்வளமும் பொது அறிவும் பலருக்கு அப்படியே இருக்கும். ஆனால் இன்று காலை கேட்ட விரிவுரை மாலைக்குள் நழுவிவிடும். காதால் கேட்டுக்கொண்டே கையால் குறிப்பெடுப்பது, அதாவது கவனத்தை இரண்டாகப் பிரிப்பது, கைகூடாது. யோசனையின் வேகம் குறைந்திருக்கும். ஒரு மணி நேரம் வாசித்தால் நாள் முழுக்க உழைத்த களைப்பு வந்துவிடும். செய்ய வேண்டியது தெரிந்தும் அதைத் தொடங்கும் உந்துதல் எழாது. இவற்றில் எதுவும் வெளியே தெரியாது. அதனால் சோம்பேறி என்றும் அக்கறை இல்லாதவர் என்றும் பேர் வாங்குவது இந்த மாணவர்களுக்கு நேர்ந்த பெரும் அநீதி.

மூளைக்காயத்துக்குப் பிந்தைய மறுவாழ்வு ஒரு துறையாக உருவானது முதல் உலகப் போரில். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் கூர்ட் கோல்ட்ஷ்டைன் 1916இல் தலைக்காயம் பட்ட போர்வீரர்களுக்கென ஒரு நிலையத்தை அமைத்தார். சிகிச்சையோடு உளவியல் சோதனைகளும் அங்கே நடந்தன. வீரர்கள் மீண்டும் ஒரு தொழிலுக்குப் பழகப் பட்டறைகளும் இருந்தன. திறனுக்கு மீறிய வேலையைக் கொடுத்தால் நோயாளி தோற்பதோடு நில்லாமல் பதற்றத்தில் முழுவதுமாகக் குலைந்துபோகிறார் என்பதை அவர் கவனித்து எழுதினார். நேரக்கட்டுப்பாடுள்ள தேர்வறையில் மூளைக்காயமுற்ற மாணவர் படும் பாடு அந்தக் கவனிப்பிலேயே அடங்கியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியாவிடம் வந்து சேர்ந்த ஸாசெட்ஸ்கி, போருக்கு முன் தொழில்நுட்பக் கல்வி நிலையம் ஒன்றில் படித்த மாணவர். 1943இல் ஒரு குண்டு அவரது இடது மூளையின் பின்பகுதியைச் சிதைத்தது. எழுத்துகளின் வடிவம் மறந்துபோனது. பார்வையின் ஒரு பாதி மறைந்தது. வாசித்த வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் நினைவில் இல்லை. எழுத்து எழுத்தாக யோசித்து எழுதச் சொன்னபோது அவரால் முடியவில்லை. கையைத் தூக்காமல் முழுச் சொல்லையும் ஒரே வீச்சில் எழுதச் சொன்னதும் கை தானாக ஓடியது. கைக்குப் பழகிப்போன இயக்கம் மூளையின் வேறொரு பகுதியில் பத்திரமாக இருந்தது. அதன் துணையோடு 25 ஆண்டுகளில் ஏறத்தாழ 3,000 பக்கங்கள் தன் நிலையைப் பற்றி அவர் எழுதினார். எழுதியதை வாசிப்பது மட்டும் கடைசிவரை அவருக்குப் பெரும்பாடாகவே இருந்தது. லூரியா அந்தப் பக்கங்களைத் தன் விளக்கங்களோடு சேர்த்து 1970களின் தொடக்கத்தில் நூலாக வெளியிட்டார். ஸாசெட்ஸ்கியால் படிப்புக்குத் திரும்ப முடியவில்லை. ஆனால் கெட்டுப்போன திறனை நேராகச் சரிசெய்ய முடியாதபோது, கெடாமல் இருக்கும் திறனைக் கொண்டு சுற்றுவழியில் அதே இடத்தை அடையலாம் என்பதை அவர் கதை காட்டியது.

அதே போர்க்காலத்தில் ஸ்காட்லாந்தில் மூளைக்காய வீரர்களிடையே பணியாற்றிய ஆலிவர் ஸாங்வில் 1947இல் இதை ஒழுங்குபடுத்தி எழுதினார். ஒரு திறன் போனால் மிச்சமிருப்பதைக் கொண்டு ஈடுகட்டுவது ஒரு வழி. அந்த இடத்தில் வேறொன்றை வைப்பது இன்னொரு வழி. அதே திறனை நேராகப் பயிற்றுவது மூன்றாவது வழி. பின்னாளில் கல்லூரிகளுக்குள் வந்த துணைக்கருவிகள் பெரும்பாலும் முதல் இரண்டு வழிகளைச் சார்ந்தவை.

அமெரிக்காவில் கதை வேறு விதமாக நகர்ந்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசுச் செலவில் கல்வி அளிக்கும் சட்டம் 1944இல் வந்தது. காயமடைந்த வீரர்களும் கல்லூரிகளுக்கு வந்தார்கள். 1948இல் டிமொதி நியூஜென்ட் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சக்கர நாற்காலி மாணவர்களுக்கான திட்டத்தைத் தொடங்கினார். சாய்தளங்களும் ஏற்றுமேடை பொருத்திய பேருந்துகளும் வந்தன. பார்வையற்ற மாணவர்களுக்கு வாசிப்பாளர்களும் ஒலிப்பதிவு நூல்களும் கிடைத்தன. கண்ணுக்குத் தெரியும் தடைகளுக்குக் கண்ணுக்குத் தெரியும் தீர்வுகள். மறதிக்குச் சாய்தளம் எப்படி இருக்கும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு அத்தகைய மாணவர்கள் வகுப்புகளில் இல்லை.

அவர்களை வகுப்புக்குக் கொண்டுவந்தது 1970களின் மருத்துவம். 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது, மண்டைக்குள் எங்கே இரத்தம் கசிகிறது என்பதை அறுக்காமலே பார்க்க முடிந்தது. 1974இல் கிளாஸ்கோவின் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் சுயநினைவின் ஆழத்தை அளக்கும் எளிய அளவுகோலைத் தந்தார்கள். விபத்து நடந்த இடத்துக்கே பயிற்சி பெற்ற அவசர ஊர்திப் பணியாளர்கள் போகத் தொடங்கினர். சாலை விபத்தில் தலையில் அடிபடுபவர்களில் 15 முதல் 24 வயதுக்காரர்கள் மிக அதிகம். முன்பு இறந்துபோயிருக்கக்கூடிய இவர்கள் இப்போது பிழைத்தார்கள். கல்லூரியில் சேரும் வயதில், சேர்ந்த முதல் ஆண்டுகளில், மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். அதற்குமேல் அவர்களுக்கு எந்த ஏற்பாடும் இல்லை. மகள் 1975இல் கார் விபத்தில் சிக்கிய பிறகு அந்த வெறுமையை நேரில் கண்ட மெரிலின் ஸ்பிவாக், 1980இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தேசியத் தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்தக் காயத்துக்கென நாடு தழுவிய அளவில் குரல் எழுந்தது அதிலிருந்துதான்.

சட்டம் சற்று முன்பே வந்திருந்தது. 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தில் 504ஆம் பிரிவு, மத்திய அரசின் நிதி பெறும் எந்த நிறுவனமும் குறைபாடு காரணமாக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது. அதைச் செயல்படுத்தும் விதிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கிடப்பில் கிடந்தன. 1977 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவில் அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் வெளியேற மறுத்தனர். ஏப்ரல் 28 அன்று விதிகள் கையெழுத்தாயின.

அந்த விதிகளில் உயர்கல்விக்கான பகுதி கவனித்துப் படிக்கத்தக்கது. வகுப்பறையில் டேப் ரிக்கார்டருக்குத் தடை போடுவது, கல்லூரிக் கட்டடங்களுக்குள் வழிகாட்டி நாய்க்குத் தடை போடுவது போன்ற விதிகளின் மூலம் மாற்றுத்திறனாளி மாணவர்களின் பங்கேற்பைக் குறைக்கக் கூடாது என்று அது பெயர் சொல்லியே தடுத்தது. தன் பேச்சு பதிவாவதை விரும்பாத பேராசிரியர்கள் ஏராளம். அந்த விருப்பத்துக்கு மேலாக மாணவரின் தேவையை வைத்த வரி அது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட் அதற்குள் மலிவாகிவிட்டிருந்தது. விதியை எழுதியவர்களின் மனத்தில் இருந்தவர் பார்வையற்ற மாணவராக இருக்கலாம். ஆயினும் கேட்டதைத் தக்கவைக்க முடியாத மாணவருக்குத்தான் அது உயிர்நாடி ஆனது: விரிவுரையை நிறுத்தலாம், பின்னுக்கு ஓட்டலாம், களைப்பு தீர்ந்தபின் மறுபடி கேட்கலாம்.

அதே விதியில் இன்னொரு வரியும் இருந்தது. ஒருவருக்கென்று தனியாகப் பரிந்துரைக்கப்படும் கருவிகளையும், சொந்தப் படிப்புக்கு உதவும் வாசிப்பாளரையும் கல்லூரி தர வேண்டியதில்லை. வகுப்புக்குள் நுழையும் உரிமை கல்லூரியின் பொறுப்பு. வீட்டில் உட்கார்ந்து படிக்கத் தேவைப்படும் கருவி மாணவரின் பொறுப்பு. மூளைக்காயத்தைப் பொறுத்தவரை இந்தக் கோடு தவறான இடத்தில் போடப்பட்டது. அந்த மாணவரின் பெரும் சிக்கல் வகுப்புக்கு வெளியே இருக்கிறது: எந்த நாளில் எது முடிக்கப்பட வேண்டும், எதை முதலில் தொடங்குவது, நேற்று எங்கே நிறுத்தினோம்.

அந்த இடைவெளியை நேரடியாக நிரப்ப முயன்ற முன்னோடிகளில் ஒன்று கலிபோர்னியாவின் கோஸ்ட்லைன் சமுதாயக் கல்லூரி. மூளைக்காயம் அடைந்த பெரியவர்களுக்கென 1978இல் அது ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கவனம், நினைவு, திட்டமிடல் ஆகியவற்றையே பாடமாக வைத்து, மருத்துவமனைக்கும் வழக்கமான கல்லூரிப் படிப்புக்கும் நடுவே ஒரு படியை அமைத்தது. அங்கே வருபவர் நோயாளி அல்ல, மாணவர். அந்த மரியாதையே பலருக்கு மருந்தாக இருந்திருக்கும்.

1980களில் இத்தகைய திட்டங்களில் எல்லார் கையிலும் இருந்த கருவி ஒரு வளையக் கோப்புப் புத்தகம்: நினைவேடு. நாள்காட்டி, செய்ய வேண்டியவை, நடந்தவை, ஆட்களின் பெயர்கள், போகும் வழி எனப் பகுதி பிரித்து வைத்திருப்பார்கள். ஆனால் ஏட்டைக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. ஏட்டைப் பார்க்க வேண்டும் என்பதையே மறந்துவிடுபவருக்கு ஏடு எதற்கு? மெக்கே சோல்பெர்க், கேத்தரின் மட்டீர் என்ற இருவர் 1989இல் வெளியிட்ட பயிற்சி முறை இதற்கு விடை தந்தது. முதலில் ஏட்டின் பகுதிகளை அடையாளம் காணப் பழக்குவது. பிறகு பயிற்சி அறைக்குள் பொருத்தமான பகுதியில் எழுதப் பழக்குவது. கடைசியாக வெளியுலகில் அதைச் செய்ய வைப்பது. ஒவ்வொரு கட்டமும் பிழையின்றிக் கைவந்த பிறகே அடுத்தது.

இந்த முறைக்கு அடித்தளம் முன்பே இடப்பட்டிருந்தது. வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையால் புதிய நினைவுகளைச் சேர்க்கும் ஆற்றலை இழந்த, ஆய்வு நூல்களில் ‘எச்.எம்.’ என்று குறிக்கப்படும் நோயாளி, கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார் என்று பிரெண்டா மில்னர் 1962இல் காட்டினார். முந்தைய நாள் வரைந்தது அவருக்கு நினைவே இல்லை. கை மட்டும் கற்றுக்கொண்டிருந்தது. நிகழ்ச்சிகளைச் சேமிக்கும் நினைவு போனாலும் பழக்கத்தைச் சேமிக்கும் நினைவு நிற்கலாம் என்பதால், ஏட்டைத் திறப்பதைப் பல் துலக்குவதுபோல் பழக்கமாக்க முடியும். மூளைக்காயத் துணைக்கருவிகளின் வரலாற்றில் மிகப் பெரிய கண்டுபிடிப்பு எது என்றால், எந்த மின்னணுப் பொருளையும்விட இதைத்தான் சொல்ல வேண்டும்.

1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய தொழில்நுட்ப உதவிச் சட்டமும் இதே புரிதலைத் தன் போக்கில் எட்டியது. மாற்றுத்திறனாளியின் செயல்திறனைக் கூட்டவோ தக்கவைக்கவோ பயன்படும் எந்தப் பொருளும், கடையில் வாங்கியதானாலும் மாற்றியமைத்ததானாலும், துணைக்கருவி என்று அது வகுத்தது. காகித ஏடும் அதில் அடங்கும், கணினியும் அடங்கும். கருவியைத் தேர்ந்து கொடுப்பது, பொருத்துவது, பயன்படுத்தப் பயிற்றுவிப்பது ஆகியவற்றைக் கருவியோடு சேர்ந்த சேவையாக அது எண்ணியது.

1990இல் இரண்டு சட்டங்கள் வந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் கல்லூரிகளையும் வளைத்துக்கொண்டது. சிறப்புக் கல்விச் சட்டத் திருத்தம் விபத்தால் வரும் மூளைக்காயத்தைப் பள்ளிக் கல்வியில் முதன்முறையாகத் தனி வகையாக ஏற்றது. ஆனால் இரண்டாவது சட்டத்தின் கை பள்ளி வாசலோடு நின்றது. பள்ளியில் மாணவரின் தேவையைக் கண்டறியும் கடமை பள்ளிக்கு உண்டு. கல்லூரியில் மாணவரே அலுவலகம் தேடிப்போய், தன் குறையைச் சொல்லி, சான்றுகளைக் காட்டி, இன்னது வேண்டும் என்று கேட்க வேண்டும். திட்டமிடலும் தன்னிலை உணர்வும் காயமுற்ற ஒருவரிடம் இதை எதிர்பார்ப்பது கொடுமை. தனக்கு மறதி இருப்பதே தெரியாமல் முதல் பருவத் தேர்வுவரை போய்த் தோற்ற பிறகே அலுவலகக் கதவைத் தட்டுவது வழக்கமாகிவிட்டது.

மின்னணுக் கருவிகளில் திருப்பம் கொண்டுவந்தவர் ஒரு தந்தை. கலிபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளர் லாரி டிரெட்கோல்டின் மகனுக்குத் தலைக்காயம். நரம்பு உளவியலாளர் நீல் ஹெர்ஷுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ‘நியூரோபேஜ்’ அமைப்பைப் பற்றி இருவரும் 1994இல் எழுதினார்கள். ஒருவருடைய நாளின் நினைவூட்டல்கள் எல்லாம் மையக் கணினியில் பதியப்படும். உரிய நேரத்தில் தொலைபேசி வழியாகப் பேஜர் நிறுவனத்துக்குப் போய், இடுப்பில் செருகிய பேஜர் ஒலிக்கும் அல்லது அதிரும். ஒரே ஒரு பெரிய பொத்தான். அழுத்தினால் செய்தி தெரியும். தானே திறந்து பார்க்க வேண்டிய நினைவேட்டுக்கும், தானே வந்து கூப்பிடும் பேஜருக்கும் உள்ள வேறுபாடுதான் இதன் முழுப் பலம். அந்தக் காலத்தில் பேஜர் வைத்திருப்பவர் மருத்துவராகவோ வணிகராகவோ தோன்றுவார். நோயாளி என்று யாரும் எண்ணமாட்டார்கள். இளைஞர்களுக்கு அது சிறிய விஷயமல்ல.

இங்கிலாந்தில் பார்பரா வில்சன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். 2001இல் வெளியான ஆய்வில் 143 பேர் பங்கேற்றனர். 16 வாரங்களை நிறைவு செய்தவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்கள், பேஜர் இருந்த காலத்தில் அன்றாடக் கடமைகளை முன்பைவிடத் தெளிவாகவே அதிகம் நிறைவேற்றினர். பேஜரைத் திருப்பிக் கொடுத்த ஏழு வாரத்துக்குப் பிறகும் அவர்களில் பெரும்பாலோரிடம் முன்னேற்றம் நிலைத்திருந்தது. கருவி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழக்கம் ஊன்றிவிட்டது.

வில்சன் 1997இல் விவரித்த இன்னொருவரும் இங்கே நினைக்கத்தக்கவர். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 20 வயது மாணவருக்கு மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டுப் புதிய நினைவுகள் தங்காமல் போயின. ஒலி எழுப்பும் கைக்கடிகாரம், சிறு ஒலிப்பதிவுக் கருவி, தாள் மாற்றும் குறிப்பேடு ஆகியவற்றைக் கோத்துப் பல ஆண்டுகளில் அவர் தனக்கென ஓர் அமைப்பையே கட்டினார். கடைசியில் தனியாக வாழவும் தொழில் செய்யவும் அவரால் முடிந்தது. ஆனால் அவர் தேர்ந்தெடுத்த தொழில் மரச்சாமான்களைச் சீர்படுத்துவது; சட்டப் படிப்பு அல்ல. கருவிகள் வாழ்க்கையை மீட்டுத் தருகின்றன. இழந்த படிப்பை எல்லாருக்கும் மீட்டுத் தருவதில்லை.

வாசிப்புக்கும் எழுத்துக்குமான மென்பொருள்கள் வேறு திசையிலிருந்து வந்தன. ரே கர்ஸ்வைல் 1976இல் அச்சிட்ட பக்கத்தை வாசித்துக் காட்டும் இயந்திரத்தைப் பார்வையற்றோருக்காக வெளியிட்டார். அதன் வழிவந்த மென்பொருள்கள் 1990களில் வாசிக்கும் சொல்லைத் திரையில் வண்ணமிட்டுக் காட்டத் தொடங்கியபோது, கண் வரி தவறுபவர்களும் விரைவில் களைப்பவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1997இல் வந்த ‘டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்’, இயல்பான வேகத்தில் பேசியதை எழுத்தாக்கியது.

கருவிகள் பெருகியபோது அவை மூலையில் போடப்படுவதும் பெருகியது. பெட்ஸி ஃபிலிப்ஸ், ஹாங்சின் ஜாவ் ஆகியோர் 1993இல் பலவகை மாற்றுத்திறன் கொண்ட 227 பேரிடம் கேட்டறிந்ததில் 29.3 விழுக்காடு கருவிகள் கைவிடப்பட்டிருந்தன. தேர்வு செய்தபோது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காதது முக்கியக் காரணங்களில் ஒன்று. மார்சியா ஷெரர் உருவாக்கிய மதிப்பீட்டு முறை இதற்கு மறுமொழி போன்றது: ஆளையும் அவர் சூழலையும் விருப்பத்தையும் முதலில் அறிந்து, கருவியைக் கடைசியில் தேர்வது.

2001க்குப் பிந்தைய ஆப்கானிஸ்தான், இராக் போர்கள் இந்தத் துறையை மறுபடி உலுக்கின. சாலையோரக் குண்டுகளின் அதிர்வில் மூளைக்காயம் அடைந்து, வெளியே தழும்பு ஒன்றும் இல்லாமல் திரும்பியவர்கள் ஏராளம். அந்தப் போர்களின் முத்திரைக் காயம் என்றே அது அழைக்கப்பட்டது. 2008இல் இயற்றப்பட்டு 2009 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த புதிய கல்வியுதவிச் சட்டம் அவர்களைக் கூட்டமாகக் கல்லூரிகளுக்கு அனுப்பியது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 2008ஆம் ஆண்டுத் திருத்தம், வாசித்தல், மனத்தை ஒருமுகப்படுத்தல், சிந்தித்தல் ஆகியவற்றை வாழ்வின் முதன்மைச் செயல்களாகப் பெயர் சொல்லிச் சேர்த்தது. விளையாட்டில் தலை அதிர்ந்தவர்களுக்கும் கவனம் கிடைத்தது: 2009இல் வாஷிங்டன் மாநிலம், அடிபட்ட இளம் விளையாட்டாளரை மருத்துவ அனுமதியின்றிக் களத்தில் இறக்கக் கூடாது என்ற முதல் சட்டத்தை இயற்றியது.

கருவிகளும் அதே ஆண்டுகளில் மாறின. 2008இல் வந்த லைவ்ஸ்கிரைப் பேனா, எழுதும்போதே விரிவுரையை ஒலிப்பதிவு செய்தது. நுண்புள்ளிகள் அச்சிட்ட தாளில் ஒரு சொல்லைப் பேனாவால் தொட்டால், அதை எழுதிய கணத்தில் பேராசிரியர் பேசியது ஒலித்தது. கேசட்டில் ஒரு மணி நேரப் பதிவுக்குள் தேவையான இரண்டு நிமிடத்தைத் தேடிக் களைத்தவருக்கு இது பெரிய விடுதலை. ஓரிரு சொற்களை எழுதினால் போதும். கவனத்தை இரண்டாகப் பிரிக்கும் தொல்லை குறைந்தது. 2007இல் ஐஃபோனும் 2010இல் ஐபேடும் வந்தபின் நினைவேடு, பேஜர், ஒலிப்பதிவு, வாசிப்பு மென்பொருள் எல்லாம் ஒரே பொருளில் சேர்ந்தன. எல்லா மாணவர் கையிலும் இருப்பதே இவர்கள் கையிலும் இருந்ததால் வேற்றுமை தெரியவில்லை. அதே பொருள்தான் இடைவிடாத அறிவிப்புகளால் கவனத்தைச் சிதறடிப்பதும். எந்த ஒலியை விடுவது, எதை அடைப்பது என்பதும் பயிற்சியின் பகுதியாயிற்று.

இந்த இழைகளை ஒன்றுசேர்த்தது 2013இல் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் கரியர்’. ஒஹையோவில் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகம், பாஸ்டன் பல்கலைக்கழகம், மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஆகியவற்றை மையமாகக் கொண்டு மத்திய அரசின் ஐந்தாண்டு நிதியில் அது நடந்தது. மூளைக்காயமுற்ற இளநிலைப் பட்ட மாணவர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் ஐபேட் கொடுக்கப்பட்டது. ஷெரரின் முறைப்படி ஒவ்வொருவரின் தேவையும் அறியப்பட்டு அதற்கேற்ற செயலிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தொழில் வழிகாட்டுதலும் உடன் வந்தது. பட்டத்தோடு நிறுத்தாமல் வேலைவரை உடன் சென்றதுதான் இதன் தனிச்சிறப்பு. முந்தைய திட்டங்களில் பல, மாணவரை வகுப்பில் உட்காரவைத்ததோடு கடமை முடிந்ததாக எண்ணிவிட்டன.

2020இன் பெருந்தொற்றில் விரிவுரைகளைப் பதிவு செய்து தருவதும் திரையில் எழுத்து ஓடவிடுவதும் எல்லா மாணவர்களுக்கும் பொதுவான ஏற்பாடாயின. கேட்டு வாங்க வேண்டியிருந்த சலுகை கேட்காமலே கிடைத்தது. ஆனால் திரையின் ஒளியும் நீண்ட இணையவழி வகுப்புகளும் தலைவலியும் களைப்பும் உள்ளவர்களை வாட்டின. பேச்சைக் கேட்டுத் தானே எழுத்தாக்கிச் சுருக்கம் தரும் மென்பொருள்கள் அதன்பின் பரவியுள்ளன; கூடுதல் தேர்வு நேரம், அமைதியான அறை, குறைந்த பாடச்சுமை ஆகிய பழைய ஏற்பாடுகள் அவற்றோடு தொடர்கின்றன. சொந்தப் படிப்புக்கான கருவிகளைக் கல்லூரி தர வேண்டியதில்லை என்ற 1977ஆம் ஆண்டு விதி அப்படியே இருக்கிறது. அவற்றின் செலவையும் பயிற்சியின் செலவையும், தகுதியுள்ளவர்களுக்கு, மாநிலங்களின் தொழில்சார் மறுவாழ்வுத் துறைகளும் படைவீரர் நலத்துறையும் ஏற்கின்றன.